சக்கரம் நாலு, சங்கு மூன்று

இந்த ஒன்றை மட்டும் எழுதாமலே தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பல வருஷமாகத் தள்ளிப்போட்டது. பேனாவை எடுப்பேன், தாளின் தலையில் ஸ்ரீராமஜெயம் போடுவேன், அதற்குக் கீழே வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். போன வாரங்களில் நீங்கள் படித்த புரட்டாசித் தளிகை, குடிபாலா பள்ளிக்கூடம், பஸ்ஸில் தொலைந்த பித்தளைச் சொம்பு எல்லாமே ஒரு விதத்தில் இதை எழுதாமல் இருப்பதற்காக எழுதியவைதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் குடித்தனம் செய்பவள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, வாரக் கடைசியில் வருவார். ஒரே பிள்ளை வரதன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

அந்தக் காலை நேரம் இன்னும் அப்படியே இருக்கிறது. திருப்பதியில் ஒரு காலேஜ். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே ஏசி குளிர், புது பிளாஸ்டிக் வாசனை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம் தலையைத் தூக்காமல் தெலுங்கில் கேட்டார்:

"மீரு ஏமவுதாரு இதனிகி?"

இவனுக்கு நீங்கள் என்ன ஆக வேண்டும் என்கிறார்.

"எவரூ காதண்டி," என்றேன். "பக்கிண்டி அப்பாயி."

யாரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன்.

வரதன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் பிடி தளரவும் இல்லை, இறுகவும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்

அது அவனுடைய டிகிரி கடைசி வருஷத்து ஜாவா பிராக்டிகல், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டுகிற பரீட்சை. இதில் பாஸானால்தான் ஒரு கம்பெனி தருவதாகச் சொன்ன வேலை. பார்வை இல்லாத பிள்ளைகள் தங்களோடு ஒருவரை அழைத்து வரலாம், அவர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லலாம் என்று காலேஜில் அனுமதி கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் அவன் லேப்டாப் தானே எல்லாவற்றையும் பேசிவிடும். லேப் கம்ப்யூட்டரில் அந்த வசதி கிடையாது. அதனால் ஆள் வேண்டும். ஆனால் வருகிறவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

ஆள் தேடாமல் இல்லை. ஒரு பெண் வருவதாக ஒத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னால் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டாள். வேறு யாருக்கும் அந்தப் புரோகிராம் குறியெல்லாம் படிக்கத் தெரியாது.

"நீயே வாம்மா," என்றான் வரதன். "உன்னாட்டம் யாரும் படிக்க மாட்டாங்க."

"கேட்டா இன்னாடா சொல்றது?"

"இன்னாத்தியோ சொல்லு. நான் ஆண்ட்டின்னு கூப்புட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு வெங்கடேசப் பெருமாள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் வழக்கம்போல அவன் நெற்றியில் சிவப்பு ஸ்ரீசூர்ண நாமம் இட்டேன், எனக்கும் இட்டுக்கொண்டேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கின பிறகுதான் உறைத்தது. இரண்டு பேர் நெற்றியிலும் ஒரே கை இட்ட ஒரே கோடு. பார்த்த மாத்திரத்தில் ஒரே வீடு என்று தெரிந்துவிடுமே. அண்ணாந்து பார்த்தால் மலை. அந்த மலையடிவாரத்தில் நின்றுகொண்டு என் நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

"இன்னாம்மா பண்ற? நின்னுட்ட?"

"வேர்வைடா," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

எங்கள் வீட்டு பாஷை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வரதனின் பாடப்புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அச்சடித்த புத்தகத்தை லேப்டாப் படிக்காது. நான்தான் படிக்க வேண்டும், அவன் கேட்டுக் கேட்டு அடிப்பான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் அந்தப் புரோகிராமில் வருகிற குறிகளுக்கெல்லாம் என்னிடம் பெயர் இல்லை. பாதி இடத்தில் வளைந்து நெளிந்த ஒரு பிராக்கெட். திறப்பது ஒன்று, மூடுவது ஒன்று. இடுப்பு ஒடிந்த மாதிரி இருக்கும்.

சந்நிதியில் நின்றால் நமக்கு இடது பக்கம் சக்கரம், வலது பக்கம் சங்கு. நடுவில் பெருமாள். அதனால் திறப்பதற்குச் சக்கரம் என்றும் மூடுவதற்குச் சங்கு என்றும் பெயர் வைத்தேன். எது வந்தாலும் நடுவில் அவன் இருக்கிறான் என்று எனக்கு ஒரு தைரியம்.

முதல் நாள் ஒரு வரிகூட ஓடவில்லை. சக்கரம் என்றால் மூடுகிறான், சங்கு என்றால் திறக்கிறான்.

"ஏன்டா தலகீழா போடற?"

"நீதானம்மா சின்ன வயசுல சொன்ன, பெருமாளுக்கு சோத்துக் கையில சக்கரம்னு. எனுக்கு சோத்துக் கை இந்தப் பக்கம்தான் இருக்குது."

"அது அவரோட கைடா. நாம எதுர்ல நின்னு பாக்கறோம்ல?"

"நீ எதுர்ல நின்னு பாக்கற. நான் எங்க பாத்தேன்? நான் பெருமாளாட்டமே நின்னுக்கினு யோசிக்கறேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி நின்று காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கு இருபது வயசு வரை சக்கரம் எந்தப் பக்கம் தெரியும் என்று நான் சொல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தோன்றியது.

நகத்தால் சுரண்டிய புள்ளி

அந்தப் புத்தகத்தில் இன்னர் கிளாஸ் என்று ஒரு பாடம். கிளாஸ் என்றால் ஒரு சக்கரத்துக்கும் அதன் சங்குக்கும் நடுவில் எழுதுகிற ஒரு கட்டு. ஒரு கிளாசுக்குள்ளே இன்னொரு கிளாஸ். வெளியே இருப்பதற்கு அவுட்டர் என்று பெயர், உள்ளே இருப்பதற்கு இன்னர். சின்ன உதாரணம்தான், அரைப் பக்கம்கூட இல்லை. அதுவோ ஓட மாட்டேன் என்றது.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். குக்கர் விசில் அடித்து அடங்கி சாதம் குழைந்தே போயிற்று. நான் படிக்கிறேன், அவன் அடிக்கிறான், லேப்டாப் அந்த மூக்கால் பேசும் குரலில் தப்பு தப்பு என்கிறது.

"அவுட் அப்பறம் நியூ. நடுவுல இன்னா இருக்குது?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

"நல்லா பாரு."

"ஒரு மசிப்புள்ளி இருந்துச்சி. முன்னாடி வச்சிருந்தவன் பேனா பட்டிருக்கும். நகத்தால சுரண்டிட்டேன்."

வரதன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ அம்மா! அதுதாம்மா உசுரு. அத்தப் போயி சுரண்டிட்டியா?"

பிறகு பொறுமையாகச் சொன்னான். உள்ளே இருப்பது தானாகப் பிறக்காதாம். முதலில் வெளியே இருப்பதை உண்டாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி வைத்து, அதன் வழியாகத்தான் உள்ளே இருப்பதை உண்டாக்க முடியும். மலைக்குப் போனால் முதலில் வராக சுவாமியைச் சேவித்துவிட்டுத்தானே பெருமாளிடம் போகிறோம், அந்த மாதிரி என்று நான் எனக்குள் வைத்துக்கொண்டேன். அவனிடமும் சொன்னேன். "கரீட்டா புட்சிட்ட," என்றான்.

இன்னொன்றும் சொன்னான். "வெளிய இருக்கறது பிரைவேட்னு போட்டு எத்த மறச்சி வச்சாலும், உள்ள இருக்கறதுக்கு அது தெரியும்மா. கேக்கக்கூட வேணாம். நேரா எடுத்துக்கும். இந்த உதாரணமே அத்தக் காட்டறதுக்குத்தான்."

புள்ளியை வைத்தான். ஓடியது. வெளியே மறைத்து வைத்திருந்த எண்ணை உள்ளே இருப்பது எடுத்துச் சொல்லிற்று. லேப்டாப்பின் மூக்குக் குரல் "பத்து" என்று இங்கிலீஷில் சொன்னதும் இரண்டு பேரும் கையைத் தட்டினோம். குழைந்த சாதத்தில் மோர் விட்டுத் தின்றோம். அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு நான் எதுவும் தின்றதில்லை.

ஆண்ட்டி

லேபுக்குத் திரும்பி வருகிறேன்.

சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார்கள். வரதன் எடுத்ததை நான் பிரித்துப் படித்தேன். இன்னர் கிளாஸ். பாடப்புத்தக உதாரணத்தையே எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். பெருமாளே என்று மனசுக்குள் விழுந்து சேவித்தேன்.

அவன் விரல்கள் சாவிப்பலகையில் மழை மாதிரி ஓடின. முடித்துவிட்டு ஓட்டினான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோப்பு முடிந்துவிட்டது, ஆனால் சமாசாரம் முடியவில்லை என்கிற மாதிரி ஒரு வாக்கியம்.

"எங்கியோ மூடாம உட்டிருக்கேன்," என்றான். பிறகு, பக்கத்தில் ஆள் இருப்பது நினைவு வந்தவன் போலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஆண்ட்டி, மேலருந்து ஒரு தபா படிச்சி சொல்றீங்களா?" என்றான்.

சொல்றீங்களா. பேசக் கற்ற நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவன். அந்த 'ங்க' என் காதில் ஈயமாக இறங்கியது. அதைவிட, எவ்வளவு சரளமாகச் சொல்கிறான்!

சக்கரம், சங்கு என்று அங்கே சொல்லக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு பையனுக்கும் நடுவில் அப்படி ஒரு பாஷை எப்படி இருக்கும்? அதனால் ஓப்பன், க்ளோஸ் என்று இங்கிலீஷிலேயே படித்தேன். அதில்தான் சிக்கல். சாதா வளைவுப் பிராக்கெட்டும் என் வாயில் ஓப்பன், க்ளோஸ்தான். நெளிந்த பிராக்கெட்டும் ஓப்பன், க்ளோஸ்தான். எந்த க்ளோஸ் எது என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் பதற்றத்தில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றைச் சேர்த்தான். வேறு இடத்தில் உடைந்தது. எடுத்தான். பழைய தப்பே வந்தது.

"ஆண்ட்டி, இன்னொரு தபா."

படித்தேன். அவன் கழுத்தில் அந்த ஏசியிலும் வேர்வை. முன் வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். "ஃபைவ் மினிட்ஸ்," என்றார் மேடம்.

வரதன் விரலைச் சாவிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான். மடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயசில் கோயில் கூட்டத்தில் என் கை விட்டுப் போனால் அப்படித்தான் நின்ற இடத்தில் கையை மடக்கிக்கொண்டு நிற்பான், நான் வந்து சேரும் வரை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"வரதா, சக்கரம் நாலு இருக்குதுடா! சங்கு மூணுதான்!"

லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "ஏன்ரா, எக்ஸாமா, பூஜையா?" என்றான். சிரிப்பு.

வரதன் சிரிக்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எந்த எடத்துலம்மா? உள்ள இருக்கறதுக்கு சங்கு போட்டனா?"

"போடல. அதோட சங்கு வர்றதுக்கு முன்னாடியே அடுத்தது ஆரம்பிச்சிட்ச்சி."

ஒரே ஒரு சாவி அடித்தான். ஓட்டினான். இன்னொரு தப்பு வரவில்லை, ஏனென்றால் புள்ளியை அவன் மறக்கவே இல்லை. திரையில் வந்ததை நான் படித்துச் சொன்னேன். பத்து.

மேடம் சொன்னது

மேடம் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். டா போட்டாகிவிட்டது. அம்மா என்று எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள், அது போகட்டும். அந்தக் கத்தலை எந்தப் பக்கத்து வீட்டுக்காரி கத்துவாள்?

திரையைப் பார்த்தார். வரதனிடம் இரண்டு கேள்வி கேட்டார். பதில் சொன்னான். கையெழுத்துப் போட்டார். பிறகு அவனிடம் தெலுங்கில், அடுத்த பரீட்சைக்கும் இந்தப் பக்கத்து வீட்டம்மாவையே கூட்டிக்கொண்டு வா என்றார். 'பக்கத்து வீட்டம்மா' என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

நாங்கள் வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நாமம் செரிகிபோயிந்தம்மா. சரிசேஸ்கோ."

நாமம் அழிந்திருக்கிறது, சரி செய்துகொள் என்றார். நான் துடைத்தது சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. நெற்றியில் சிவப்பாக ஈஷிக்கொண்டே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கேள்வி கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கியதுமே அவர் பார்த்திருப்பார். எல்லாம் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

பஸ்ஸில்

சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவன், பக்கத்தில் நான்.

"ஆண்ட்டி, டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்று கிண்டல் செய்தான். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, அதான் ஆயிட்சில்ல?"

"காலைல நான் அப்படி சொன்னப்ப உனுக்கு கஷ்டமா இல்லியாடா?"

முகத்தை ஜன்னல் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அது பரீட்சைக்கு சொன்னது. அதுல இன்னா இருக்குது?" என்றான். பிறகு, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இது மொத தபா இல்லியேம்மா," என்றான்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரரோடு வேலை செய்பவர் வீட்டுக் கல்யாணம், கார்வேட்டிநகரத்தில். பந்தியில் என் பக்கத்தில் பட்டுப் புடவைக்காரி ஒருத்தி. எங்களை யாருக்கும் தெரியாத ஊர். "பாவம், அந்தக் கண்ணு தெரியாத பையன் யாரு புள்ள?" என்று கேட்டாள். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. "எங்க தெருப் பையன், கூட இட்டாந்தோம்," என்றேன். எந்த அவசியமும் இல்லை. எந்த விதியும் தடுக்கவில்லை. அந்த 'பாவம்' என் மேல் விழக் கூடாது என்று சொன்னேன், அவ்வளவுதான். வரதன் அவன் அப்பாவோடு கை கழுவப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நைனா சட்டைய புட்ச்சிக்கினு உன் பின்னாலதான்மா நின்னுக்கினு இருந்தேன்," என்றான்.

"ஏன்டா இத்தினி வருஷமா கேக்கல?"

"கேட்டு இன்னா பண்றது? எனுக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ அழுவ."

வெளியே மறைத்து வைத்ததை உள்ளே இருப்பது கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்று சாதம் குழைந்த அன்றைக்குச் சொன்னானே, அப்போதும் அவனுக்கு இது தெரியும். கையைத் தட்டியபோதும் தெரியும். பெருமாளாட்டம் கை தூக்கி நின்று என்னைச் சிரிக்க வைத்தபோதும் தெரியும்.

காலையில் மேடத்திடம் அந்தப் பொய் ஏன் தடுக்காமல் வந்தது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். என் வாய்க்கு அது பழக்கப்பட்ட பாதை.

அவன் சொன்ன மாதிரியே அழுதேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். முன் சீட்டு அம்மாள் திரும்பி, "யாரும்மா இவுரு, புள்ளையா?" என்று கேட்டாள்.

"ஆமா. எம் புள்ள," என்றேன். கேட்டதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்டக்டர்கூடத் திரும்பினார். "மெதுவா சொல்லும்மா, மானம் போவுது," என்றான் வரதன்.

அவன் வேலைக்குப் போய் இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது. ஆனா நல்லவளாட்டம் எழுதிக்காத," என்றான். எழுதியதை அவனுக்குப் படித்தும் காட்டினேன். ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பஸ்ஸிலோ இதை யாருக்காவது சொல்வீர்கள். சொல்லுங்கள். கண் தெரியாத பிள்ளைக்குப் படித்துச் சொல்லி ஜெயிக்க வைத்த தாய் என்று ஆரம்பிக்காதீர்கள். லேபில் சொன்ன பொய்யோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம், அதற்காவது ஒரு காரணம் இருந்தது. கார்வேட்டிநகரத்துப் பந்தியையும், இலையில் பாயசம் விழும்போது நான் சொன்னதையும், நான் சொன்ன அதே வார்த்தையில் சொல்லுங்கள். பின்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தான் என்பதையும் சேர்த்து.